கேள்வி-பதில்: கொரோனா சிகிச்சையில் தவறு நடந்ததா?

கேள்வி: 2021 மே மாதம் அப்பாவைத் தனியார் மருத்துவமனையில் கொரோனாவுக்குச் சேர்த்தோம். சர்க்கரை நோயாளி என்று சொல்லியும் ஸ்டீராய்டு போட்டார்கள். கருப்புப் பூஞ்சை வந்து ஒரு கண் போனது. கேஸ் ஷீட் கேட்டோம், தரவில்லை. இப்போது வழக்குப் போடலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: அப்பாவுக்கு நடந்தது கொடுமை. ஆனால் ஸ்டீராய்டு போட்டதையே தவறு என்று வாதாடாதீர்கள். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு அது உயிர்காத்த மருந்து. ஆனால் அது சர்க்கரையை ஏற்றும். போட்ட பிறகு சர்க்கரையை எத்தனை தடவை பார்த்தார்கள், இன்சுலின் கொடுத்தார்களா? அதைச் சொல்வது அன்றாட சிகிச்சையைக் குறித்து வைக்கும் கேஸ் ஷீட்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இருக்காது.

இந்த விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. நடப்பதோ, ‘அந்த ஆபீசர் லீவு, அடுத்த வாரம் வாங்க’ என்று அலைக்கழிப்பது. மருத்துவமனைக்காரர்கள் ஆவணத்தை வைத்திருக்க வேண்டியது மூன்றே வருடம். அது கழியட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். வாய்வார்த்தையாகக் கேட்டதை நிரூபிக்க முடியாது. பதிவுத் தபாலில் கேட்க வேண்டும். கேட்டும் தராததே சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் காலக்கெடு இரண்டு வருடம். பெருந்தொற்றுக்காக 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தை உச்ச நீதிமன்றம் கழித்துவிட்டது. அப்படியும் 2024 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடுதான் போக முடியும். அப்பாவுக்குத் தொடர்ந்து நடந்த சிகிச்சையின் சீட்டுகளைக் காரணமாகக் காட்டி, இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை. நுகர்வோர் ஆணையம் போகலாமா?

பதில்: முடியாது. எல்லோருக்கும் இலவசம் என்றால் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. சிவில் வழக்கு போடலாம்.

கேள்வி: நிபா வராமல் தடுக்கும் பொடி என்று ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பில் இல்லை. பணம் திரும்புமா?

பதில்: நிபாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசியே கிடையாது. பொடி எப்படித் தடுக்கும்? இத்தனை பட்ட பிறகும் பில் இல்லாமல் வாங்குவீர்களா? இரண்டாம் அலையில் நான் வாங்கிய ஆக்சிமீட்டர், பென்சிலைச் செருகினாலும் 97 காட்டியது. பில் இருந்ததால் சண்டை போட்டுப் பணத்தை வாங்கினேன். பணம் அனுப்பிய ரசீதாவது இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள்.

கேள்வி: எந்த டாக்டரும் எங்களுக்காகச் சாட்சி சொல்ல வரமாட்டார். வழக்கு நிற்குமா?

பதில்: தவறு வெளிப்படையாகத் தெரிந்தால் நிற்கும். ஹைதராபாத்தில் மலேரியா வந்த பெண்ணுக்கு டைபாய்டு சிகிச்சை கொடுத்த வழக்கில், எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாவட்ட நுகர்வோர் மன்றம் தரச் சொன்ன 2 லட்சமும் உறுதியானது.