ரீபூட்டுக்கு முன்னால்: சர்வர் பயிற்சி தருவோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹெல்ப்டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த 5 பேரை இரண்டு மாதத்தில் சர்வர் வேலைக்குத் தயார் செய்ய வேண்டும். லேபுக்கு என்னென்ன தேவை?

பதில்: சர்வர் எதுவும் வாங்க வேண்டாம். 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள பிசி ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும். அதில் நான்கு விர்ச்சுவல் மெஷின் (பிசிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினி): டொமைன் கன்ட்ரோலராக (நிறுவனத்தின் கணக்குகளையும் கணினிகளையும் ஒரே குழுவாக, அதாவது டொமைனாக, நிர்வகிக்கும் சர்வர்) ஒரு விண்டோஸ் சர்வருக்கு 4 ஜிபி, அந்த டொமைனில் சேர்த்த விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி, இரண்டு லினக்ஸுக்குத் தலா 2 ஜிபி. விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள் ஓடும். லினக்ஸுக்கு ஆல்மாலினக்ஸ் அல்லது ராக்கி போடுங்கள். யாரோ பழைய பென்டிரைவில் வைத்திருக்கும் சென்ட்ஓஎஸ் 7 வேண்டாம். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மென்பொருள் நிறுவும் யம் கட்டளை, மிரர்களின் (தரவிறக்க சர்வர்களின்) பட்டியலைத் தேடி, கிடைக்காமல் பிழை காட்டும். முதல் நாள் முழுக்க அதிலேயே போய்விடும்.

ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பி வருவதற்காகச் சேமிக்கும் மெஷினின் அப்போதைய நிலை) எடுக்கும்போது நான்கு மெஷினையும் ஷட்டவுன் செய்து, ஒரே நேரத்தில் எடுங்கள். பின்னால் திருப்பும்போதும் நான்கையும் சேர்த்தே திருப்ப வேண்டும். டொமைனில் சேர்ந்த விண்டோஸ் மெஷினுக்கும் தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை அது தானாக மாறும். கிளையன்டை (அந்த விண்டோஸ் 11 மெஷினை) மட்டும் ஒன்றரை மாதம் பின்னால் இழுத்தால், அதனிடம் இருப்பது பழைய பாஸ்வேர்டு, டொமைன் கன்ட்ரோலரிடம் இருப்பது புதியது. லாகின் செய்தால் 'ட்ரஸ்ட் ரிலேஷன்ஷிப்' உடைந்ததாகச் செய்தி வரும். டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்ப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அதற்கு அவசியமில்லை. லோக்கல் அட்மினாக நுழைந்து, பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் கட்டளையை -ரிப்பேர் சேர்த்து, டொமைன் அட்மின் கணக்கைக் கொடுத்து ஓட்டினால் சரியாகிவிடும். உண்மையில் இதையே வேண்டுமென்று செய்து ஒருநாள் பாடமாக வைக்கலாம்.

பாடம் நடத்தும் முறைதான் முக்கியம். தினமும் காலையில் பயிற்சியாளர் ஒரு மெஷினைக் கெடுத்து வைக்க வேண்டும். டிக்கெட்டில் பயனர் பேசுவது போல ஒரே வரி: 'நேத்து வரைக்கும் வந்துச்சு, இன்னிக்கு வரல.' விதி ஒன்றே ஒன்று. எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன மாறியது, லாக் (மெஷின் எழுதிவைக்கும் பதிவு) என்ன சொல்கிறது என்று மூன்று வரி எழுதிக் காட்டாமல் ரீபூட் பொத்தானில் கை வைக்கக்கூடாது.

கேள்வி: டிஸ்க் 100 சதவீதம் நிரம்பிவிட்டது என்கிறது லினக்ஸின் டிஎஃப் கட்டளை. ஃபைல் அளவுகளைக் கூட்டும் டியூ கட்டளையைப் போட்டால் பாதிகூட வரவில்லை. பெரிய லாக் ஃபைலை அழித்தும் இடம் திரும்பவில்லை. ரீபூட் செய்தால் சரியாகிறது. ஏன்?

பதில்: அழித்ததால்தான். லினக்ஸில் ஆர்எம் கட்டளை ஃபைலின் பெயரைத்தான் எடுக்கிறது. ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை டிஸ்க்கில் உள்ள தரவு அப்படியே இருக்கும். டியூ பெயர்களைப் பின்தொடர்ந்து எண்ணுவதால் அதற்கு இது தெரியாது. டிஎஃப் ஃபைல் சிஸ்டத்தையே கேட்பதால் அதற்குத் தெரியும். ரீபூட்டில் ப்ராசஸ் செத்துப்போகும், பிடி விடும்.

எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். பெயர் போன பிறகும் திறந்திருக்கும் ஃபைல்கள் வரிசையாக வரும். பக்கத்திலேயே ப்ராசஸ் எண், அளவு, எஃப்டி எண் (அந்தப் ப்ராசஸில் அந்தத் திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்). அந்தச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். அதையும் நிறுத்த முடியாத நேரத்தில், ப்ராக் அடைவுக்குள் அந்தப் ப்ராசஸ் எண், அதற்குள் எஃப்டி, அதற்குள் அந்த எண் என்று போய், அந்த ஃபைலை வெறுமையாக்கலாம். அடுத்த முறை லாக் பெருத்தால் அழிக்காமல் ட்ரன்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்குங்கள். இது திரும்பத் திரும்ப நடந்தால் லாக்ரொடேட் அமைப்பைப் பாருங்கள்: பழைய லாக்கை நகர்த்திய பிறகு 'புது ஃபைலைத் திற' என்று சர்வீஸுக்குச் சொல்லும் வரி விட்டுப்போயிருக்கும்.

இதே அறிகுறியோடு வேறு இரண்டு கோளாறும் வரும். இடம் இருந்தும் 'இடமில்லை' என்றால் டிஎஃப் கட்டளையை -i விருப்பத்தோடு போட்டு ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று செலவாகும் பதிவிடம்) தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். சுத்தம் செய்யாத செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இப்படி ஆகும். இன்னொன்று, இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தானாகவே 5 சதவீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) என்று ஒதுக்கி வைக்கும். 1 டிபி டிஸ்க்கில் அது ஏறக்குறைய 50 ஜிபி. தரவு மட்டும் வைக்கும் டிஸ்க்கில் ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 போட்டு 1 சதவீதமாகக் குறைக்கலாம். ரூட் பார்ட்டிஷனில் (சிஸ்டமே இருக்கும் பகுதியில்) அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஒரே பயனரின் டொமைன் கணக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை பூட்டிக்கொள்கிறது. திறந்துவிட்டு அலுத்துவிட்டது.

பதில்: திறந்துவிடுவதற்கு முன் எங்கிருந்து பூட்டப்படுகிறது என்று பாருங்கள். எந்த டொமைன் கன்ட்ரோலரில் நடந்தாலும் விஷயம் பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பில் உள்ள கன்ட்ரோலருக்குப் போய்ச் சேரும். அது எந்த சர்வர் என்பதை நெட்டாம் க்வெரி எஃப்எஸ்எம்ஓ சொல்லும். அங்கே செக்யூரிட்டி லாக்கில் 4740 என்ற ஈவென்ட்டை வடிகட்டுங்கள். 'காலர் கம்ப்யூட்டர் நேம்' என்ற வரியில் மெஷின் பெயர் இருக்கும்.

அந்த மெஷினுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவை: கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பழைய பாஸ்வேர்டு, அவர் பெயரில் ஓடும் ஷெட்யூல்டு டாஸ்க், சர்வீஸ், மேப் செய்த டிரைவ், டிஸ்கனெக்ட் ஆகி லாக்-ஆஃப் ஆகாமல் கிடக்கும் ரிமோட் டெஸ்க்டாப் செஷன். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலும் யாரும் தேடுவதில்லை. பெயர் இருக்கும் இடத்தில் மெயில் சர்வரோ வைஃபை அங்கீகார சர்வரோ வந்தால், பயனரின் பையில் இருக்கும் ஃபோனில் பழைய பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: லினக்ஸ் சர்வரின் எஃப்எஸ்டேபில் (துவங்கும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலில்) புது டிஸ்க்கைச் சேர்த்தோம். ரீபூட்டில் 'எமர்ஜென்சி மோட்' வந்து நின்றுவிட்டது. எப்படி மீள்வது, எப்படித் தவிர்ப்பது?

பதில்: லினக்ஸைத் துவக்கி வைக்கும் சிஸ்டம்டி, அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்து, கிடைக்காததால் நின்றிருக்கிறது. ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், ரூட் பார்ட்டிஷனை எழுதும்படி ரீமவுன்ட் செய்து, அந்த வரியின் முன் ஒரு # போட்டு ரீபூட் செய்யுங்கள். உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியே இருக்கும்; உள்ளே விடவில்லை என்றால் உதவ லைவ் யுஎஸ்பி (அதிலிருந்தே லினக்ஸைத் துவக்கும் பென்டிரைவ்) கையில் இருக்கட்டும்.

இனிமேல் எஸ்டிபி1 போன்ற பெயரை எழுதாதீர்கள். கண்டுபிடிக்கப்படும் வரிசையில் வைக்கும் பெயர் அது, கேபிளை மாற்றினாலே மாறும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடியை (அந்தப் பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்ணை) எழுதுங்கள். அந்த டிஸ்க் இல்லாமலும் சர்வர் எழ வேண்டும் என்றால் நோஃபெய்ல் என்ற விருப்பத்தைச் சேருங்கள். சேமித்ததும் ஃபைன்ட்மவுன்ட் --வெரிஃபை, பிறகு மவுன்ட் -ஏ. இரண்டிலும் பிழை எதுவும் வராவிட்டால் மட்டும் ரீபூட்.

கேள்வி: வெப்சைட் ஃபைல்களை ஹோம் அடைவிலிருந்து நகர்த்தினோம். 403 (அனுமதி மறுப்பு) வருகிறது. 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்தும் போகவில்லை. எஸ்இலினக்ஸை (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கை) அணைத்தால் வேலை செய்கிறது. அணைத்தே வைத்துவிடலாமா?

பதில்: கூடாது. 777-ஐயும் உடனே திருப்புங்கள். எம்வி கட்டளை ஃபைலோடு அதன் எஸ்இலினக்ஸ் லேபிளையும் தூக்கிக்கொண்டு வருகிறது. எல்எஸ் -இசட் போட்டுப் பார்த்தால் இன்னும் 'யூசர் ஹோம்' என்றே இருக்கும்; வெப் சர்வருக்கு அதைப் படிக்க அனுமதி இல்லை. நகலெடுக்கும் சாதாரண சிபி கட்டளை போட்டிருந்தால் போய்ச் சேர்ந்த அடைவின் லேபிளை வாங்கிக்கொண்டிருக்கும், இந்தக் கேள்வியே வந்திருக்காது. வார் அடைவில் உள்ள வழக்கமான இடம்தான் என்றால் ரீஸ்டோர்கான் -ஆர்வி ஒன்றே போதும். வேறு இடம் என்றால் முதலில் செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்டில் அந்தப் பாதைக்கு லேபிளைப் பதிந்துவிட்டு ரீஸ்டோர்கான் ஓட்டுங்கள்.

777 கொடுக்கும் பழக்கம் இன்னொரு இடத்திலும் கடிக்கும்: ஹோம் அடைவில் மற்றவர்களுக்கு எழுதும் உரிமை கொடுத்தால், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) உங்கள் கீயை ஏற்காமல் பாஸ்வேர்டு கேட்கத் தொடங்கும்.

கேள்வி: எந்தச் சான்றிதழ் எழுத வைக்கலாம்?

பதில்: லினக்ஸ் பக்கம் ஆர்ஹெச்சிஎஸ்ஏ (ரெட் ஹேட் நிறுவனத்தின் சிஸ்டம் நிர்வாகிச் சான்றிதழ்). கொள்குறி வினா கிடையாது. உயிருள்ள மெஷினில் செய்து காட்ட வேண்டும், 300-க்கு 210 தேவை. ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்காத வேலைக்கு மதிப்பெண் இல்லை, அதனாலேயே எங்களுக்குப் பிடித்த தேர்வு. மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்ஏ சான்றிதழுக்குப் பயிற்சி தருவதாக யாராவது வந்தால் பணம் கட்டாதீர்கள். மைக்ரோசாஃப்ட் அந்தத் தேர்வுகளை 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.

கேள்வி: பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் போட்டதும் லேப்டாப் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) கீ கேட்கிறது.

பதில்: கீ எங்கே என்று முதலில் பாருங்கள்: ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குகள் இருக்கும் இடம்) அந்தக் கம்ப்யூட்டர் கணக்கின் கீழோ, மைக்ரோசாஃப்டின் என்ட்ரா போர்ட்டலிலோ இருக்கும் 48 இலக்க எண். திரையில் தெரியும் கீ ஐடியோடு ஒப்பிட்டுவிட்டுப் பயனருக்குச் சொல்லுங்கள். அடுத்த மெஷினுக்கு அப்டேட் போடும் முன் பிட்லாக்கரை ஒரு ரீபூட்டுக்கு மட்டும் சஸ்பென்ட் செய்யுங்கள். டிக்ரிப்ட் செய்ய வேண்டாம், அதற்கு மணிக்கணக்காகும்.