தொப்பி கழன்ற எம்.ஆர்.என்.ஏ.

டி.என்.ஏ.வின் செய்தியைச் சுமந்துவரும் நகலான எம்.ஆர்.என்.ஏ.வின் ஆயுளை முடித்துவைக்கும் டி.சி.பி.2 என்ற புரதத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: டி.என்.ஏ.விலிருந்து எம்.ஆர்.என்.ஏ., அதைப் படித்துப் புரதம் என்பதோடு பாடப்புத்தகம் நிறுத்திக்கொள்கிறது. படித்து முடித்த எம்.ஆர்.என்.ஏ. என்ன ஆகிறது?

பதில்: எம்.ஆர்.என்.ஏ.வுக்கு இரண்டு பக்கமும் காப்பு உண்டு. முன்முனையில் மெத்தில் குவானோசின் தொப்பி, பின்முனையில் ஆர்.என்.ஏ.வின் நான்கு வேதி எழுத்துகளில் ஒன்றான அடினின் மட்டுமே வரிசையாக வரும் வால். மனித செல்லில் புதிதாக உருவான எம்.ஆர்.என்.ஏ.வின் வால் ஏறத்தாழ 200 எழுத்து நீளம்; ஈஸ்ட்டில் 70 முதல் 90. முதலில் தேய்வது வால்தான். பான்2-பான்3 இணையும், சி.சி.ஆர்.4-நாட் என்ற பெரிய புரதத் தொகுதியும் அதைப் பின்னாலிருந்து கொறித்துக்கொண்டு வரும். இந்தக் கட்டம் வரை மீட்சி உண்டு. முட்டை செல்களில் குட்டையான வாலுக்கு மறுபடி அடினின் சேர்த்து நீட்டிக்கொள்வதைப் பார்க்கலாம்.

அடுத்த வெட்டுதான் முக்கியம். தொப்பிக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் நடுவே மூன்று பாஸ்பேட்டுகள் கோத்திருக்கும். ஆர்.என்.ஏ. பக்கத்திலிருந்து எண்ணினால் முதல் பாஸ்பேட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் டி.சி.பி.2 வெட்டுகிறது. தொப்பி இரண்டு பாஸ்பேட்டுகளுடன் பிரிந்துபோகும், ஆர்.என்.ஏ.வின் முனையில் ஒன்றுதான் மிஞ்சும். எக்ஸ்.ஆர்.என்.1 என்ற நொதி காத்திருப்பது அந்த ஒற்றை பாஸ்பேட்டுக்குத்தான். மூன்று பாஸ்பேட் உள்ள முனை அதன் பிடிக்குள் நுழையாது. ஒற்றை கிடைத்ததும் முன்னாலிருந்து எழுத்து எழுத்தாகத் தின்று முடித்துவிடும். வால் தேய்ந்தவற்றைப் பின்னாலிருந்து தின்னும் எக்ஸோசோம் என்ற இன்னொரு தொகுதியும் செல்லில் உண்டு. இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று துணை.

கேள்வி: இப்படியொரு கத்தரி செல்லுக்குள் சும்மா மிதந்தால், கண்ட எம்.ஆர்.என்.ஏ.வையும் வெட்டாதா?

பதில்: தனித்து விட்டால் டி.சி.பி.2 மிகவும் மந்தமான நொதி. அதில் கீல் போட்டதுபோல் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. வெட்டும் பகுதி ஒன்று, அதை ஒழுங்குபடுத்தும் பகுதி இன்னொன்று. இரண்டும் சரியான கோணத்தில் மடிந்து தொப்பியை நடுவில் கவ்வினால்தான் வெட்டு விழும். டி.சி.பி.1 என்ற துணைப் புரதம் ஒழுங்குபடுத்தும் பகுதியைப் பிடித்துக்கொண்டு இதற்கு உதவுகிறது. மனித செல்லில் இ.டி.சி.4 என்ற இன்னொரு புரதமும் சேர்ந்தால்தான் இந்த ஜோடி நன்றாகப் பொருந்தும்.

இன்னொரு காவல் தொப்பியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இ.ஐ.எஃப்.4இ தொப்பியைப் பற்றியிருக்கும்வரை டி.சி.பி.2-க்கு இடமில்லை. வால் குட்டையானதும் அந்த மிச்சத்தில் எல்.எஸ்.எம்.1 முதல் 7 வரையிலான ஏழு புரதங்கள் வளையமாக வந்து அமர்கின்றன. கூடவே பேட்1 புரதமும் வந்து வெட்டும் குழுவை அழைத்துவருகிறது. வால் தேய்ந்த செய்தி முன்முனைக்குப் போய்ச்சேரும் வழி இதுதான்.

கேள்வி: எல்லா எம்.ஆர்.என்.ஏ.வுக்கும் ஒரே ஆயுளா?

பதில்: இல்லை. சி-ஃபாஸ் மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ. அரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும், குளோபின் எம்.ஆர்.என்.ஏ. பல மணி நேரம் நிலைக்கும். வித்தியாசம் பெரும்பாலும் வாலுக்குச் சற்று முன்னுள்ள பின்முனைப் பகுதியில் எழுதியிருக்கிறது. அங்கே ஏ.யு.யு.யு.ஏ. என்ற வரிசை திரும்பத் திரும்ப வந்தால் டி.டி.பி. போன்ற புரதங்கள் ஒட்டிக்கொண்டு சி.சி.ஆர்.4-நாட் தொகுதியைக் கூப்பிடும். 1986-இல் அந்த வரிசையை வெட்டி நீண்ட ஆயுளுள்ள குளோபின் எம்.ஆர்.என்.ஏ.வில் ஒட்டிப் பார்த்தார்கள். அதுவும் சீக்கிரமே சிதைந்தது. எலிகளில் டி.டி.பி.யை நீக்கினால் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். எம்.ஆர்.என்.ஏ. அழியாமல் தங்கி மூட்டுகள் வீங்கிப்போகின்றன. அழிப்பது குப்பை அள்ளும் வேலை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த எலிகளைக் காட்ட வேண்டும்.

கேள்வி: ஆய்வகத்தில், புதிய ஆர்.என்.ஏ. எழுதப்படுவதை நிறுத்தும் ஆக்டினோமைசின் டி என்ற மருந்தைக் கொடுத்து எம்.ஆர்.என்.ஏ.வின் அரை ஆயுளை (பாதியாகக் குறையும் நேரத்தை) அளக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறது. டி.சி.பி.2-வைக் குறைத்தாலும் மாற்றம் தெரியவில்லை. எங்கே தவறு?

பதில்: முதலில் சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வைப் பார்த்து எடுக்கும் டி.என்.ஏ. நகல்) தயாரிக்கும் பிரைமரை, அதாவது நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டைப் பாருங்கள். ஆலிகோ டி.டி. பயன்படுத்தினால் அது வாலில்தான் ஒட்டும். வால் தேய்ந்து, ஆனால் உடல் முழுதாக இருக்கும் எம்.ஆர்.என்.ஏ. உங்கள் கணக்கில் வராது. டி.சி.பி.2-வைக் குறைத்தால் சேர்ந்து குவிவது இந்த ரகம்தான்! ஆர்.என்.ஏ.வில் எங்கு வேண்டுமானாலும் ஒட்டும் ஆறெழுத்துப் பிரைமரான ரேண்டம் ஹெக்ஸாமருக்கு மாறுங்கள்.

மருந்தை மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் கொடுங்கள். ஒளி படாமல் வையுங்கள். 0, 30, 60, 120, 240 நிமிடங்களில் செல்களை நேரடியாக டிரைசாலில் (ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் கரைசல்) கரையுங்கள். கழுவி, சுரண்டி, சுழற்றி நேரம் கடத்தினால் ஆயுள் குறைந்தவை அதற்குள்ளேயே போய்விடும். மருந்து உள்ளே போய் வேலை தொடங்கச் சிறிது நேரம் ஆகும், ஏற்கெனவே எழுதப்பட்ட ஆர்.என்.ஏ. உட்கருவிலிருந்து வந்துகொண்டும் இருக்கும். அதனால் முதல் 15, 20 நிமிடங்களில் கோடு சரியாமல் கிடந்தால் அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒப்பீட்டுக்கு 18எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. நல்லது. ஆனால் அது அளவில் மிக அதிகம். அதற்கு மட்டும் சி.டி.என்.ஏ.வை நூறு மடங்கோ அதற்கும் மேலோ நீர்க்கச் செய்யுங்கள். கணக்கு எளிது. ஒப்பீட்டுக்குப் பிறகு சி.டி. மதிப்பு (பி.சி.ஆர். கருவியில் சமிக்ஞை தெரிய எத்தனை சுற்று ஆனது என்ற எண்) 1 கூடினால் பாதி மிச்சம். தொடக்கத்தில் 22.0 ஆக இருந்தது 60 நிமிடத்தில் 23.0, 120 நிமிடத்தில் 24.0 ஆனால் அரை ஆயுள் 60 நிமிடம். அரை ஆயுள் எட்டு மணி நேரத்தைத் தாண்டும் என்று தோன்றினால் இந்த மருந்தை விட்டுவிடுங்கள். அத்தனை நேரம் எழுத்துப்பணி நின்ற செல் இயல்பான செல் அல்ல. புதிதாக உருவாகும் ஆர்.என்.ஏ.வில் 4-தயோயுரிடின் என்ற மாற்று எழுத்தைச் சேர்த்து அடையாளமிடும் முறை அங்கே பொருந்தும்.

இத்தனைக்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால், உங்கள் எம்.ஆர்.என்.ஏ. எக்ஸோசோம் வழியாகப் போகக்கூடும். பாலூட்டிகளில் தொப்பியை வெட்ட என்.யு.டி.டி.16 போன்ற வேறு நொதிகளும் உண்டு.

கேள்வி: தடுப்பூசியில் செலுத்தும் எம்.ஆர்.என்.ஏ. உடலிலேயே தங்கிவிடுமா?

பதில்: தங்காது. அதற்கும் தொப்பியும் வாலும் உண்டு; செல் அதையும் சிதைத்துவிடும். ஆயுளைச் சற்று நீட்டத்தான் ஃபைசர்-பயோஎன்டெக் தடுப்பூசியில் 30 அடினின், 10 எழுத்து இடைவெளி, மறுபடி 70 அடினின் என்று வால் அமைத்தார்கள்.

கேள்வி: வைரஸ்களின் ஆர்.என்.ஏ.வையும் இந்த நொதிகள் அழிக்குமா?

பதில்: முயலும். டெங்கு வைரஸின் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 10,700 எழுத்து நீளம். எக்ஸ்.ஆர்.என்.1 முன்னாலிருந்து தின்றுகொண்டே போய், கடைசிச் சில நூறு எழுத்துகளுக்கு முன் நின்றுவிடும். அந்த இடத்தில் ஆர்.என்.ஏ. தன்னையே சுற்றி ஒரு வளையம் போட்டிருக்கிறது. இழை அந்த வளையத்துக்குள் நுழைந்து போகிறது. முன்பக்கமிருந்து வரும் நொதி வளையத்தில் முட்டிக்கொள்ளும். பின்பக்கமிருந்து நகலெடுத்து வரும் வைரஸின் சொந்த நொதிக்கோ முடிச்சு அவிழ்ந்து வழிவிடும். மிஞ்சிய அந்தச் சில நூறு எழுத்துத் துண்டு செல்லில் குவிந்து, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் அமைப்பை மட்டுப்படுத்துகிறது.