டிரான்ஸ்பார்மருக்குக் கண்காணிப்புக் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எங்கள் குடியிருப்பு வளாகத்துக்குச் சொந்தமாக 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர் உள்ளது. லோடு, வோல்டேஜ், மின்தடை எல்லாவற்றையும் ‘ரியல் டைமில்’ செல்போனில் காட்டும் கருவிக்கு இரண்டு பேர் கொட்டேஷன் தந்திருக்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: ஆப் அழகாக இருக்கிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் சி.டி., அதாவது பெரிய கரன்ட்டை மீட்டருக்கு ஏற்றபடி சிறிதாக்கித் தரும் கரன்ட் டிரான்ஸ்பார்மர்.

400 வோல்ட் பக்கத்தில் உங்கள் டிரான்ஸ்பார்மரின் முழு லோடு சுமார் 361 ஆம்பியர். 400/5 சி.டி. (400 ஆம்பியரை 5 ஆம்பியராக்கித் தருவது) போதும். ‘நாளைக்கு உதவும்’ என்று 800/5ஐத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நள்ளிரவில் லோடு 20 ஆம்பியருக்கு இறங்கினால் அது 800இல் 2.5 சதவீதம்தான். துல்லியத் தரத்தில் கிளாஸ் 1 என்று குறித்த சி.டி.க்கு 5 சதவீதத்துக்குக் கீழே துல்லிய உத்தரவாதம் கிடையாது, 0.5எஸ் வகைக்கு 1 சதவீதம் வரை உண்டு.

அடுத்து சி.டி.யிலிருந்து மீட்டருக்குப் போகும் கம்பியின் நீளம். இதை யாரும் கேட்பதே இல்லை. மீட்டர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 20 மீட்டர். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் அது 0.14 ஓம், 5 ஆம்பியர் ஓடும்போது கம்பி மட்டுமே 3.5 விஏ (வோல்ட்-ஆம்பியர்) எடுத்துக்கொள்ளும். 2.5 விஏ வரை மட்டுமே சுமக்கும் சி.டி. அங்கே திணறும். செகண்டரி (சி.டி.யில் மீட்டரோடு இணையும் பக்கம்) 1 ஆம்பியர் என்றால் வெறும் 0.14 விஏ. ஆனால் மீட்டரும் 1 ஆம்பியருக்கானதாக இருக்க வேண்டும்.

‘ரியல் டைம்’ என்றால் எத்தனை நொடிக்கு ஒருமுறை அளக்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகிறது என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினாலும் லோடு கணக்குக்குப் போதும். அலாரம் மட்டும் உடனே வர வேண்டும். கரன்ட் போனதும் கருவியும் அணைந்துவிட்டால் மின்தடைச் செய்தியை யார் அனுப்புவது? உள்ளே பேட்டரியோ சூப்பர் கெப்பாசிட்டரோ உண்டா என்று கேளுங்கள். சிக்னல் இல்லாத நேரத்து அளவுகளைச் சேமித்து, பிறகு அனுப்புகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: கருவியைப் பொருத்தியாயிற்று. மூன்று பேஸிலும் ஆம்பியர் சரியாகக் காட்டுகிறது, மொத்த கிலோவாட் மட்டும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. கருவி பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இரண்டு பேஸின் சி.டி. கம்பிகள் இடம் மாறியிருக்கும். லோடு சமமாக இருந்தால் கூட்டுத்தொகை பூஜ்யமாகிவிடும். ஒரே ஒரு சி.டி. திசை மாறியிருந்தால் உண்மையில் மூன்றில் ஒரு பங்கு காட்டும். லைனில் மின்சாரம் இருக்கும்போது சி.டி. செகண்டரியைக் கழற்றவே கூடாது. திறந்த முனையில் உயிர்கொல்லி வோல்டேஜ் எழும். சப்ளையை நிறுத்தி, செகண்டரி முனைகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஷார்ட்டிங் டெர்மினலைப் போட்ட பிறகே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மாற்ற வேண்டும். அந்த டெர்மினல் இல்லாத பெட்டி என்றால் பில்லை முழுதாக செட்டில் செய்யாதீர்கள்.