ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறவர்கள்: கேட்டதும் சொன்னதும்

மதுரையில் தனியாக இருக்கும் வயதானவர்களையும் நடக்கச் சிரமப்படுகிறவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்ப வீட்டில் விடும் சிறு குழு எங்களுடையது. ஆறு வருடமாக ஆள் பிரித்து அனுப்புவது என் வேலை. ஒரு நோட்டு, ஒரு போன், இருபத்துச் சொச்சம் பேர், அவ்வளவுதான். இதேபோல ஒன்று தொடங்க நினைக்கிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் துணைக்குப் போக ஆறு பேர் தயார். எந்த நோயாளிகளிடமிருந்து தொடங்கலாம்? (சேலம்)

மாதம் ஒருமுறை சுகர், பிரஷர் மாத்திரை வாங்கப் போகிறவர்கள், கண் பரிசோதனைக்குப் போகிறவர்கள் என்று தொடங்குங்கள். டயாலிசிஸ் நோயாளியை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் மிஷினிலேயே போய்விடும். ஆறு பேரும் இரண்டே மாதத்தில் ஓய்ந்துவிடுவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஓபி பெரும்பாலும் காலையில்தான். சில பிரிவுகளுக்குக் கிழமைக் கணக்கு வேறு உண்டு. எந்த டாக்டர் எந்தக் கிழமை என்று ஒரு நாள் நேரில் போய் எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் ஆள் சேர்த்துப் பயனில்லை.

வருகிறேன் என்றவர் கடைசி நேரத்தில் வராவிட்டால்? (ஈரோடு)

எங்களுக்கும் நடந்திருக்கிறது. முதல் வருடம் ஒரு தாத்தா, காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன பையனுக்காக ஐந்து மணிக்கே குளித்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மடியில் மஞ்சப்பை, அதற்குள் பத்து வருடத்துச் சீட்டு. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் காபிகூடக் குடிக்கவில்லை. பையன் தூங்கிவிட்டான். ஒன்பதரைக்கு எனக்குப் போன் வந்தது, அதுவும் பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து.

அன்றிலிருந்து முந்தைய நாள் இரவு ஏழு மணிக்கு இரண்டு போன். ஒன்று துணைக்குப் போகிறவருக்கு. அவர் எடுக்காவிட்டால் எட்டு மணிக்குள் மாற்று ஆள். இன்னொன்று நோயாளிக்கு: பழைய சீட்டு எடுத்து வைத்தாச்சா, சாப்பிடாமல் வரச் சொன்னார்களா, காலை மாத்திரையைப் போடலாமா கூடாதா, வீட்டுப் படி எத்தனை. ஐந்து நிமிடம்தான். இந்தப் போனைப் போட ஆள் இல்லையென்றால் குழுவையே தொடங்காதீர்கள்.

டாக்டர் அறைக்குள் நாமும் போகலாமா? (திருச்சி)

அதை வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். டாக்டர் முன்னால் கேட்டால் "வரட்டுமே" என்றுதான் சொல்வார்கள், மனசில் வேறு இருக்கும். பெண்களுக்குப் பெண்களையே அனுப்புவதும் இதனால்தான்.

உள்ளே போனபின் நம் வாய்தான் பிரச்சினை. கால் வீக்கத்துக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு பாட்டியுடன் போயிருந்தேன். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "சாப்பிடுறாங்க சார்" என்று நான் முந்திக்கொண்டேன். வெளியே வந்து படி இறங்கும்போது பாட்டி மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி மாத்திரைய நான் போடுறதே இல்லப்பா. போட்டா நாலு வாட்டி எந்திரிக்கணும். கக்கூஸ் வெளிய இருக்கு, லைட்டு கெடையாது." அது நீர் பிரியும் மாத்திரை. திரும்பப் போய், வரிசையில் நின்றவர்களிடம் கெஞ்சி உள்ளே நுழைந்து, பாட்டியையே பேசச் சொன்னேன். டாக்டர் அந்த இரண்டாம் வேளை மாத்திரையை மத்தியானத்துக்கு மாற்றி எழுதினார். ஒரு நிமிட வேலை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கேள்வி உங்களைப் பார்த்து வந்தாலும் நீங்கள் நோயாளியைப் பாருங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அவரே பேசுவார். டாக்டர் சொல்வதைக் காதில் வாங்கி எழுதிக்கொள்வது உங்கள் வேலை.

நோயாளியுடன் வந்த "அட்டெண்டர்" என்று நம்மைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களே? (விருதுநகர்)

ஆபரேஷனுக்கும் மயக்க மருந்துக்கும் சம்மதக் கையெழுத்து நீங்கள் போடாதீர்கள். நினைவும் விவரமும் உள்ள பெரியவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் சொல்லலாம். எழுதத் தெரியாவிட்டால் கைநாட்டு. அதற்கு முடியாத நிலையென்றால் குடும்பத்தாருக்குப் போன். அதனால்தான் மகனோ மகளோ தங்கச்சியோ, ஒரு நம்பர் வாங்காமல் யாரையும் நாங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. "நான் துணைக்கு வந்தவன், சொந்தக்காரன் இல்லை" என்று நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். பின்னால் வரும் சிக்கலுக்கு இது பரவாயில்லை.

கூட்டிப்போக 108 கூப்பிடலாமா? (தேனி)

கூடாது. அது அவசரத்துக்கு. மருத்துவ ஆலோசனை வேண்டுமானால் 104. முதியோருக்கான உதவி எண் 14567.

போக்குவரத்துச் செலவு? (திண்டுக்கல்)

சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிக்கும், அடையாள அட்டை இருந்தால், இல்லை. அவருடன் வரும் துணை ஒருவருக்கும் கட்டணம் இல்லை, பலர் இது தெரியாமலே காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறார்கள். புற்றுநோய் சிகிச்சைக்கு வெளியூர் போகிறவருக்கும் கூடப் போகிறவருக்கும் ரயிலில் சலுகை இருக்கிறது. ஆட்டோ காசைப் பொதுப் பணத்திலிருந்து அன்றே கொடுத்துவிடுங்கள், தன்னார்வலர் கையை விட்டுப் போட்டால் அடுத்த மாதம் வரமாட்டார், கேட்கவும் மாட்டார். நோயாளியின் பர்ஸை மட்டும் நாம் திறக்கக் கூடாது. பாட்டி வாங்கித் தரும் காபியைக் குடிக்கலாம், மறுத்தால்தான் வருத்தப்படுவார்.

கண்ணில் மருந்து விட்டுப் பரிசோதிக்கும் நாளில் டூவீலர் வேண்டாம். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும், பின்னால் உட்காரும் வயதானவர் தடுமாறுவார்.

வாட்ஸப் குழுவில் யாருக்கு என்ன நோய் என்று போட்டால்தானே ஆள் வருவார்கள்? (கோவை)

"வியாழன் காலை 8, கோரிப்பாளையம், பெண் ஒருவர் தேவை, நாலு மணி நேரம், வீல்சேர் உண்டு." இவ்வளவு போட்டால் போதும், ஆள் வருகிறார்கள். பெயரும் நோயும் போகிறவருக்கு மட்டும், போனில். ஒருவருக்கு எச்ஐவி இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது. காசநோய், மனநோய் விஷயத்திலும் தெருவுக்குத் தெரிந்தால் வாடகை வீடே போய்விடும். ஆஸ்பத்திரி வாசலில் செல்ஃபி எடுத்து "இன்றைய சேவை" என்று போட்ட ஒருவரை நாங்கள் நிறுத்தியிருக்கிறோம். நல்ல பையன்தான்.

மனநல சிகிச்சைக்கு வர மறுக்கிறவரை எப்படிக் கூட்டிப்போவது? (தஞ்சாவூர்)

இழுத்துக்கொண்டு போகும் வேலைக்கு நாம் ஆள் இல்லை. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், குடும்பத்தை முதலில் அதில் பேசச் சொல்லுங்கள்.

வீட்டில் விட்டதும் வேலை முடிந்ததா? (நாகர்கோவில்)

இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் ஒன்றாகக் கொட்டிப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும், இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் நாமாக எடுத்து வீசக் கூடாது, மருந்தாளுநரிடமோ டாக்டரிடமோ கேட்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கவர் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கிறோம். மத்தியானத்துக்கு என்ன வரைவது என்று தெரியாமல் விழித்தபோது ஒரு பாட்டி சோற்றுத் தட்டு போடச் சொன்னார், அதுவே நிலைத்துவிட்டது. அடுத்த தேதியை அவர் வீட்டுக் காலண்டரில் வட்டம் போடுங்கள், அப்புறம் எனக்குச் சொல்லுங்கள்.

எனக்கு வியாழன் காலை மட்டும்தான் முடியும். பரவாயில்லையா? (மதுரை)

சனிக்கிழமைக்கு எட்டுப் பேர் இருக்கிறார்கள், வியாழனுக்கு ஒருவர்தான், அவருக்கும் முழங்கால் வலி. வாருங்கள். புதன் இரவு ஏழு மணிக்குப் போன் வரும், எடுத்துவிடுங்கள்.