ஞானப்பல்: படம் சொல்வதும் சொல்லாததும்

இம்முறை வந்த கேள்விகளில் ஞானப்பல்லே நிறைந்திருக்கிறது. எக்ஸ்றே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பது என்னவென்று தெரியாமல் கலங்குபவர்கள் பலர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த மண் இது. உங்கள் படத்தை உங்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுமாறு எந்த வைத்தியரிடமும் தயங்காமல் கேளுங்கள்.

கீழ் ஞானப்பல் பாதி முளைத்த நிலையில் மூன்று தடவை வீங்கிவிட்டது. இப்போது இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கிறது. ஓ.பி.ஜி. (முழுத் தாடை எக்ஸ்றே) எடுத்து வரச் சொல்கிறார்கள். சின்னப் படம் போதாதா? (மாணவி, 23, கோப்பாய்)

சின்னப் படத்துக்குத் தகட்டை வாயின் கடைசி வரை உள்ளே தள்ளி வைக்க வேண்டும். வாய் திறக்காத உங்களுக்கு அது வேதனை. பல்லின் வேரும் படத்துக்குள் முழுதாக வராது. ஓ.பி.ஜி.க்கு ஒரு சிறு குச்சியை முன்பற்களால் கடித்தபடி அசையாமல் நின்றால் போதும். கருவி தலையைச் சுற்றி வந்து, இரு தாடைகளையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டிவிடும்.

படம் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது ஞானப்பல்லை அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் கொடுப்புப்பல்லை. ஞானப்பல் முன்பக்கம் சாய்ந்து அதன்மேல் முட்டிக்கொண்டிருந்தால் இடுக்கில் சோறும் கீரையும் அடைபடும். பல் தூரிகை அங்கே எட்டாது. முட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே சூத்தை தொடங்கும். கண்ணாடியில் அது தெரியாது. படத்தில், வெள்ளையாக இருக்க வேண்டிய பல்லின் பின்புறத்தில் நகத்தால் கிள்ளி எடுத்தது போன்ற ஒரு கறுப்புக் குழி தெரியும். ஒன்றுக்கும் உதவாத பல்லுக்காக நாற்பது வருடம் சாப்பிட உதவக்கூடிய பல்லை இழப்பவர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அடுத்தது சாய்வு. பல் நிமிர்ந்தோ, முன்பக்கம் சாய்ந்தோ, கிடையாகவோ, பின்பக்கம் சாய்ந்தோ இருக்கலாம். ஜோர்ஜ் விண்டர் 1926இல் வகுத்த இந்தப் பிரிவுகளையே இன்றும் பயன்படுத்துகிறோம். பின்பக்கம் சாய்ந்த பல் படத்தில் சாதுவாகத் தெரியும். பிடுங்கும்போதுதான் அதன் பிடிவாதம் தெரியும்.

முரசின் வீக்கத்தைப் படம் காட்டாது, அதை வாயில்தான் பார்க்க வேண்டும். முதலில் கிருமித் தொற்று அடங்கட்டும். காய்ச்சலோ, விழுங்கக் கடினமோ, கழுத்துப் பக்கம் வீக்கமோ இருந்தால் படத்துக்காகக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

நான் நாதஸ்வரக் கலைஞன். கீழ் ஞானப்பல்லின் வேர் நரம்பைத் தொடுவதாக ஓ.பி.ஜி.யில் தெரிகிறதாம். சி.பி.சி.டி. (தாடையின் முப்பரிமாண ஸ்கான்) எடுக்கச் சொல்கிறார்கள். பல்லைப் பிடுங்கினால் உதடு விறைத்துவிடுமா? (38, இணுவில்)

உங்கள் கேள்வியைப் பல தடவை வாசித்தேன். மற்றவர்களுக்கு அசௌகரியமாக இருப்பது உங்களுக்குத் தொழிலே அல்லவா?

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. கீழ்ப்பற்களுக்கும் கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு அதற்குள் இருக்கிறது. படத்தில் அது இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். வேரின் மேல் வரும் இடத்தில் அந்தக் கோடு அறுந்திருக்கிறதா, கால்வாய் வளைந்து விலகுகிறதா, வேர் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருக்கிறதா என்று பார்ப்போம். 1990இல் ரூட், ஷெஹாப் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் நரம்புக் காயத்தோடு வலுவாகத் தொடர்புபட்ட அடையாளங்கள் இவையே.

ஆனால் ஓ.பி.ஜி. ஒரு நிழற்படம். பனையின் நிழலும் வேலியின் நிழலும் நிலத்தில் ஒன்றாக விழுவதால் பனை வேலியைத் தொடுகிறது என்று சொல்லிவிட முடியாது. நரம்பு வேரின் நாக்குப் பக்கமா, கன்னப் பக்கமா, இரு வேர்களுக்கும் நடுவிலா என்பதை சி.பி.சி.டி. குறுக்கே வெட்டிக் காட்டும். வேருக்கும் நரம்புக்கும் இடையில் மெல்லிய எலும்புச் சுவராவது இருந்தால் ஆறுதல். சுவரே இல்லாமல் நரம்பு நாக்குப் பக்கம் நெருக்குண்டிருந்தால் ஆபத்து கூடுதல். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: சி.பி.சி.டி. எடுத்ததனாலேயே நரம்புக் காயம் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. அது வழிகாட்டும், காப்பாற்றாது. ஆனாலும் உங்கள் விடயத்தில் நானும் அதை எடுக்கவே சொல்வேன். ஏனென்றால் அதில் வரும் பதில் சிகிச்சையையே மாற்றக்கூடும்.

நெருக்கம் உறுதியானால் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வேர்களை எலும்புக்குள்ளேயே விட்டுவிடும் முறை ஒன்று உண்டு. வேரில் தொற்று இருந்தாலோ, பல் ஆடினாலோ, நரம்பின் நெடுகிலும் படுத்துக் கிடந்தாலோ அது பொருந்தாது. விட்ட வேர் பின்னாளில் மெல்ல மேலே நகரலாம். அப்போது இரண்டாவது தடவை கைவைக்க நேரிடலாம். நரம்பிலிருந்து விலகி வந்திருப்பதால் அந்த வேலை பெரும்பாலும் இலகு.

இந்த நரம்பு அடிபட்டால் உதட்டின் உணர்வுதான் குறையும், அசைவு நிற்காது. பெரும்பாலானோருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். சிலருக்கு நிலைத்தும் விடுகிறது. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை உதட்டின் உணர்வால் பிடிக்கும் உங்களுக்கு அந்த இடைக்காலமே பெரிது. நாக்குக்குப் போகும் நரம்பு ஒன்றும் பக்கத்தில் ஓடுகிறது. அதை எக்ஸ்றேயும் சி.பி.சி.டி.யும் காட்டமாட்டா. நாக்கால் தட்டி ஊதும் துத்துகாரம் நாக்கின் வேலை என்பதால் அதைப் பற்றியும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். அவசரமில்லையென்றால் கோயில் திருவிழாக்கள் ஓய்ந்தபின் நாள் குறியுங்கள்.

மகன் படிக்கக் கனடா போகிறான், வயது 19. நோவு ஒன்றும் இல்லை. போகமுன் நான்கு ஞானப்பற்களையும் எடுத்துவிடச் சொல்லி அங்கிருக்கும் சித்தி நிற்கிறார். (தாய், சுன்னாகம்)

சித்தியின் அக்கறை புரிகிறது. அங்கே பல் வைத்தியத்துக்குச் செலவு அதிகம். ஆனால் நோயில்லாத ஞானப்பல்லை வருமுன் காப்பதாக எண்ணிப் பிடுங்க வேண்டாம் என்று பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. வட அமெரிக்காவில் முன்கூட்டியே எடுக்கும் பழக்கம் கூடுதல். நான் நடுவில் நிற்கிறேன். முதலில் வாயைச் சோதிக்கட்டும். பல் புதைந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஓர் ஓ.பி.ஜி. எடுக்கலாம். பாதி முளைத்து, முன்னால் உள்ள கொடுப்புப்பல்லில் முட்டிச் சேதம் செய்யத் தொடங்கிய பல்லை இந்த வயதில் எடுப்பது நல்லது: எலும்பு இளக்கம், காயமும் விரைவில் ஆறும். மற்றவற்றை விட்டுவிடுங்கள். எடுப்பதானால் பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாக. தையலோடு விமானம் ஏற்றாதீர்கள்.

அம்மா தாலிக்கொடியைக் கழற்ற மறுக்கிறார். அதோடு ஓ.பி.ஜி. எடுக்க முடியாதா? (மகள், பருத்தித்துறை)

கழுத்து நகை கீழ்த்தாடையின் மேல் வெள்ளையாக விழுந்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடலாம். தோடு இன்னும் பொல்லாதது: தன் பக்கத்தில் தெரிவதோடு, எதிர்ப்பக்கத்தில் சற்று உயரத்தில் மங்கலான இன்னொரு தோடாகவும் தெரியும். அனுபவமில்லாதவர் அதை நோய் என்றே நினைத்துவிடலாம். படம் கெட்டால் திரும்ப எடுக்க வேண்டும், கதிரும் இரட்டிப்பு. ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு கொடியைச் சற்று நேரம் உங்கள் கையில் வைத்திருங்கள். பெரும்பாலான அம்மாக்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

ஐந்து மாதக் கர்ப்பிணி. ஞானப்பல் வலிக்கு எக்ஸ்றே எடுக்கலாமா? (நெல்லியடி)

உண்மையில் தேவையென்றால் எடுக்கலாம். ஓ.பி.ஜி. ஒன்றின் அளவு ஏறத்தாழ 0.01 முதல் 0.03 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்தே உலகில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். கதிர் தாடையை நோக்கியே செல்வதால் வயிற்றை அடைவது மிக மிகச் சொற்பம். கர்ப்பத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொறுக்கக்கூடிய வேலையைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

ஞானப்பல் தள்ளுவதால்தான் முன்பற்கள் கோணலாகின்றனவா? (சாவகச்சேரி)

இல்லை. அதற்கு ஆதாரம் போதாது. கோணலை நிமிர்த்துவதற்காக மட்டும் ஞானப்பல்லைப் பிடுங்காதீர்கள்.

வேறொரு பல்லுக்கு எடுத்த படத்தில், புதைந்த ஞானப்பல்லைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிகிறதாம். எனக்கு நோவே இல்லை. படத்தைத் தொலைபேசியில் அனுப்பியிருக்கிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர், 61, கரவெட்டி)

ஐயா, மின்குழாயின் முன் பிடித்து எடுத்த படத்தில் மின்குழாயின் வெளிச்சமே முன்னுக்கு நிற்கிறது. வலம், இடம் காட்டும் எழுத்தும் வெட்டுப்பட்டுவிட்டது. இதை வைத்து நான் தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

புதைந்த பல்லின் தலையைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு இருப்பது இயல்பு. அது பல்லை மூடியிருக்கும் பை. அது ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்கு மேல் அகன்றிருந்தால் நீர்க்கட்டியோ என்று சந்தேகிப்போம். அது நோவில்லாமலே வளர்ந்து எலும்பை அரிக்கும். அரிதாக, கட்டி வேறு வகையானதாகவும் இருக்கலாம். அதனால் மூலப் படத்தையே எடுத்துக்கொண்டு இந்த மாதத்துக்குள் வாய், முகத் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரைப் பாருங்கள். பழைய படம் ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் தேடி எடுத்துச் செல்லுங்கள். வளையம் அன்றும் இதே அளவுதானா என்பதை அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.