நெபுலாவுக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? கேள்வி பதில்

நெபுலா என்பது விண்வெளியில் வாயுவும் தூசும் சேர்ந்த பெரிய மேகம். அதில் ஓரியன் நெபுலாவைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: நெபுலாவில் வாயு தீப்பிடித்து எரிகிறதா சார்?

இல்லை, எரியவில்லை. ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 91.2 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளி வேண்டும். புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் அதை வாரி இறைக்கின்றன. பிடுங்கப்பட்ட எலக்ட்ரான் தனியாகவே திரிவதில்லை, எங்காவது ஒரு புரோட்டானிடம் மாட்டிக்கொள்ளும், மாட்டியதும் மேல் ஆற்றல் மட்டத்திலிருந்து படிப்படியாக இறங்கும், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஒளியை விடும். மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது வருவதுதான் 656.3 நானோமீட்டர் சிவப்பு. படங்களில் நீங்கள் பார்க்கிற அந்தச் சிவப்பு பெரும்பாலும் இதுதான். இறங்கி முடித்த அணுவை அடுத்த புற ஊதாக் கதிர் வந்து மறுபடி உடைக்கும், கதை திரும்ப ஆரம்பிக்கும்.

கேள்வி: அப்படியானால் சூரியனைச் சுற்றி ஒரு மேகம் இருந்தால் அதுவும் இப்படி ஒளிருமா?

ஒளிராது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின்தான், தேவையான அளவு புற ஊதா அதில் கிடையாது. ஓரியன் நெபுலாவின் நடுவில் டிரபீசியம் என்று நெருக்கமாக நான்கு நட்சத்திரங்கள் தெரியும், அதில் தீட்டா-1 ஓரியானிஸ் சி என்பதன் வெப்பம் கிட்டத்தட்ட 39,000 கெல்வின். இந்த நான்கையும் சுற்றியுள்ள கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் நட்சத்திரங்கள் இருக்கின்றன, ஆனால் பல ஒளியாண்டு அகலமுள்ள அந்த வாயு முழுவதற்கும் வெளிச்சம் தருவதில் பெரும்பங்கு இந்த ஒரே ஆளுடையது. மற்றவை வெறும் கூட்டம் என்றே சொல்வேன்.

கேள்வி: கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றி நீலமாக இருப்பதும் இதே கதையா?

இல்லை. அந்த நட்சத்திரங்களுக்கு ஹைட்ரஜனை உடைக்கும் அளவு சூடு போதாது. அங்கே தூசு நட்சத்திர ஒளியைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். 1912ல் வெஸ்டோ ஸ்லிஃபர் என்ற வானியலாளர் அந்தத் தூசின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, எடுத்துப் பார்த்தபோது அது பக்கத்து நட்சத்திரத்தின் நிறமாலையாகவே இருந்தது. அப்புறம், அந்தத் தூசு அந்த நட்சத்திரங்கள் பிறந்த மேகமும் இல்லை, வழியில் எதிர்ப்பட்டது.

கேள்வி: தொலைநோக்கியில் பார்த்தேன், சிவப்பே இல்லை, சாம்பலில் லேசாகப் பச்சை கலந்த மாதிரி இருந்தது. கண்ணில் கோளாறா?

கண் நன்றாகவே இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண் சிவப்பைக் கிட்டத்தட்ட விட்டுவிடும், பச்சைப் பக்கம்தான் கூர்மை. அந்தப் பச்சைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1864ல் வில்லியம் ஹக்கின்ஸ் என்ற வானியலாளர் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்தபோது பூமியில் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத பச்சைக் கோடு கிடைத்தது. புதுத் தனிமம் என்று நினைத்து நெபுலியம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1927ல்தான் ஐரா போவன் விடையைச் சொன்னார்: இரண்டு எலக்ட்ரானை இழந்த சாதாரண ஆக்சிஜன். அந்த அயனி ஆற்றல் ஏறிக் கிளர்ந்த நிலையில் அரை நிமிடத்துக்கும் மேல் காத்திருந்துதான் இந்த ஒளியை விடும். பூமியில் அதற்குள் எதனோடாவது மோதி ஆற்றலை இழந்துவிடும். நெபுலாவில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் துகள்கள்தான், மோத ஆள் கிடையாது.

கேள்வி: கழுகு நெபுலாவில் தூண் மாதிரி நிற்கும் அந்த வாயு மேகங்கள் எப்படி உருவாயின அண்ணா?

மழையில் மண் கரையும்போது கல்லுக்கு அடியில் இருக்கிற மண் மட்டும் கரையாமல் நிற்குமே, அதே கணக்கு. மேகத்தில் அங்கங்கே அடர்த்தியான கட்டிகள் இருக்கும். பக்கத்து இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி சுற்றியிருக்கிற மெல்லிய வாயுவைச் சுமார் 10,000 டிகிரிக்குச் சூடாக்கி ஓட்டிவிடும், கட்டியின் நிழலில் இருப்பது மட்டும் தப்பும். அதனால்தான் தூண்கள் எல்லாம் அந்த நட்சத்திரங்களைப் பார்த்தே நிற்கின்றன. விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், நீராவி போல மெல்லிய இழைகள் வெளியே கிளம்புவது தெரியும், கரைந்துகொண்டிருக்கும் வாயு அதுதான். 2015ல், சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கியில் பொருத்திய மியூஸ் கருவியின் அளவீடுகளை வைத்து, பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 70 சூரியன்களின் நிறை அளவு வாயு போகிறது, தூண்களுக்கு இன்னும் 30 லட்சம் ஆண்டு ஆயுள் என்று கணக்கிட்டார்கள்.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். தூணின் நுனியில் ஒரு குட்டி நட்சத்திரம் தெரிந்தால் போதும், ஒளி மேகத்தை அமுக்கியதால்தான் அது பிறந்தது என்று உடனே எழுதிவிடுகிறார்கள். அமுக்குவது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே உள்ளே பிறந்துகொண்டிருந்ததை, மூடியிருந்த வாயு விலகிக் காட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. ஒரு படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

கேள்வி: எல்லாம் ஒளியின் வேலைதானா? நட்சத்திரக் காற்று என்கிறார்களே?

காற்றும் உண்டு, அதாவது நட்சத்திரத்திலிருந்து சீறிவரும் துகள்களின் ஓட்டம், ஓரியனில் அதன் பங்கு பெரிது. தீட்டா-1 சியிலிருந்து விநாடிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று வீசுகிறது. 2019ல் சோஃபியா என்ற, விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியின் தரவுகளில், அந்தக் காற்று ஊதிப் பெருக்கிய ஒரு பெரிய குமிழி, விநாடிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் விரிவது தெரிந்தது. பெரிய மேகம் இதற்கெல்லாம் பின்னால் இருக்கிறது, நாம் பார்ப்பது அதன் முன்பக்கத்தில் தோண்டப்பட்ட பள்ளத்தை. பள்ளம் நம் பக்கம் திறந்திருப்பது நம் அதிர்ஷ்டம்.

கேள்வி: இவ்வளவு புற ஊதாவுக்கு நடுவில் பக்கத்து நட்சத்திரங்களுக்குக் கோள்கள் உருவாகுமா?

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் டிரபீசியத்தைச் சுற்றிக் கண்ணீர்த்துளி வடிவில் சின்னச் சின்னதாகத் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு இளம் நட்சத்திரம், அதைச் சுற்றி வாயுவும் தூசும் சேர்ந்த வட்டு. தீட்டா-1 சியைப் பார்த்த முகம் பிரகாசமாக இருக்கும், வால் எதிர்ப்பக்கம் நீளும், ஏனென்றால் வட்டின் வாயு ஆவியாகிக்கொண்டிருக்கிறது. பெரிய வாயுக் கோள் வேண்டுமென்றால், வாயு தீர்வதற்குள் உருவாகிவிட வேண்டும். பாறைக் கோளுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை, பெரிதாகிவிட்ட தூசுத் துகள்கள் வாயுவோடு போகாமல் தங்கிவிடும்.

கேள்வி: அந்த ஒரு நட்சத்திரம், தீட்டா-1 சி, திடீரென அணைந்தால்?

கற்பனைக்குத்தான், ஆனாலும் நல்ல கேள்வி. எலக்ட்ரான்கள் புரோட்டான்களோடு சேர்ந்துவிடும், திரும்பப் பிரிக்க ஒளி இருக்காது. அடர்த்தியான நடுப்பகுதி சில பத்தாண்டுகளிலேயே மங்கிவிடும், மெலிந்த ஓரங்களுக்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: ஓரியன் நெபுலா வெறும் கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும். ஓரியன் என்ற வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரத் தொகுதியின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள், அதற்குக் கீழே தொங்கும் வாளின் நடுப்புள்ளி கொஞ்சம் கலங்கலாக இருக்கும். அதுதான். பைனாகுலர் இருந்தால் சந்தேகமே வராது.