மாத்திரை போட்டேனா, போடலையா? – மயஸ்தீனியாவும் மறதியும்: கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு. 26 வருஷம் மருந்தாளுநர் வேலை, அதில் கடைசி 11 வருஷம் மயஸ்தீனியா கிராவிஸோடு (தசை சீக்கிரம் களைத்துத் தளரும் நோய்). டாக்டர் இல்லை. மாத்திரையைப் பற்றியும், மாத்திரை தின்று வாழ்வதைப் பற்றியும் தெரிந்ததைச் சொல்வேன். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் பற்றி யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். சரி, ஆரம்பிக்கலாம்.

திருவொற்றியூர், 41 வயது: அக்கா, எனக்கு மயஸ்தீனியா வந்து 6 வருஷம். இப்போது பக்கத்து வீட்டுக்காரங்க பேரே மறந்துபோகுது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறேன். நோய் மூளைக்கு ஏறிவிட்டதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத மயஸ்தீனியாக்காரர் கிடையாது, நானும் கேட்டிருக்கிறேன். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற பொருளை வாங்கிக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன. நம் உடம்பே அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி தயார் செய்து அடைத்துவிடுகிறது, அதுதான் நம் நோய். மூளையிலும் அசிட்டைல்கோலினுக்கு ஏற்பிகள் உண்டு, ஞாபகத்துக்கு அவை முக்கியமும்கூட. ஆனால் அவற்றின் அமைப்பு வேறு. போதாததற்கு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு இந்த ஆன்டிபாடியை லேசில் உள்ளே விடாது. அதனால் நோய் நேராக மூளையைத் தின்கிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை, அது அவர்கள் பாடு.

நம் பாடு வேறு. எனக்கு இரட்டைப் பார்வை இருந்த காலத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்றால் பஸ் ஒன்று வரும், போர்டு இரண்டு தெரியும். எது நிஜம் என்று பார்க்க ஒரு கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, அதற்கே மூளை மொத்தமும் செலவாகிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற அம்மா தன் மகள் கல்யாணத் தேதியைச் சொல்லியிருக்கிறார். நான் 'ஆங்' என்றும் சொல்லியிருக்கிறேன். தேதி உள்ளே போனால்தானே மறப்பதற்கு? கல்யாணத்துக்கு வரவில்லை என்று அவருக்கு இன்றைக்கும் கோபம்.

அதனால் முதலில் இதைப் பாருங்கள். மறந்த பேருக்கு யாராவது முதல் எழுத்தைச் சொன்னால் 'அட, ஆமா' என்று வந்துவிடுகிறதா? வந்தால் பெரும்பாலும் கவனம், களைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அப்படி ஒரு சம்பவம் நடந்ததே நினைவில்லை, தெரிந்த தெருவிலேயே வழி தப்புகிறது என்றால் அதை மயஸ்தீனியா கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், நரம்பியல் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

அடுத்து, கவனத்தைத் திருடுவது யார் என்று பாருங்கள். பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு போடுகிறீர்களா, எத்தனை மணிக்கு? சாயங்காலம் போட்டால் ராத்திரி 2 மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள். காலை டிபனுக்குப் பிறகு போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து). அது சர்க்கரையையும் ஏற்றும், மனசையும் ஆட்டும். மயஸ்தீனியா இருப்பவர்களுக்குத் தைராய்டு கோளாறும் கூட வருவது சகஜம், டிஎஸ்ஹெச் பார்த்தீர்களா? பி12? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு பி12 இறங்கும். இவையெல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனைகள், சரி செய்யக்கூடியவை. மன அழுத்தமும் மறதி வேஷத்தில் வரும், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

ராயபுரம்: மறதிக்கு ஏதாவது டானிக் சொல்லுங்க மேடம்.

இல்லை.

காசிமேடு, கணவருக்காகக் கேட்கிறார்: அவருக்கு 4 வருஷமா மயஸ்தீனியா. இந்த ரெண்டு வாரமா காலையில் தலைவலியோட எழுந்திருக்கிறார், எங்க இருக்கோம்னு புரிய கொஞ்ச நேரம் ஆகுது. நேத்து என்ன பேசினோம்னு ஞாபகம் இல்லை. மல்லாந்து படுக்க முடியலை, மூணு தலகாணி வைக்கிறோம். விரலில் மாட்டும் மெஷின்ல 96 காட்டுது, அதனால பயமில்லைதானே?

தங்கச்சி, பயம் இருக்கிறது. இது மறதிக் கேள்வியே இல்லை, மூச்சுக் கேள்வி. மூச்சை இழுக்கும் தசை, முக்கியமாக உதரவிதானம், தளர்ந்தால் ராத்திரி தூக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகாமல் ரத்தத்தில் தங்கும். காலைத் தலைவலி, குழப்பம், பகல் தூக்கம் எல்லாம் அதனால் வரலாம். விரல் மெஷின் ஆக்சிஜனைத்தான் பார்க்கும், கார்பன் டை ஆக்சைடைப் பார்க்காது. 96 என்று அது பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஆள் மூழ்கலாம். ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து நீங்களே வைத்துவிடாதீர்கள், அவருக்குத் தேவை காற்றைத் தள்ளிக் கொடுக்கும் கருவியாக இருக்கலாம்.

இப்போதே அவரை நிமிர்ந்து உட்கார வைத்து, ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சில் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். கபடி பாடுகிற மாதிரிதான், ஆனால் அவசரப்படாமல், நொடிக்கு இரண்டு வீதம். நல்ல உடம்புக்கு 50 வரை போகும். 20-ஐத் தொடவில்லை என்றால் எனக்குப் பதில் எழுத வேண்டாம், அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

கொருக்குப்பேட்டை, 57 வயது: மத்ததெல்லாம் பரவாயில்லை. பகல் மாத்திரை போட்டேனா இல்லையான்னுதான் தெரியலை. சந்தேகத்தில் இன்னொன்னு போட்டுடறேன். தப்பா?

தப்பு. நாம் வேளைக்கு வேளை போடும் பைரிடோஸ்டிக்மின் அரை மணியில் வேலையைத் தொடங்கி 3, 4 மணி நேரம் நிற்கும். அதற்குள் இன்னொன்று போனால் வயிற்றைப் புரட்டும், எச்சில் ஊறும், கண்ணில் நீர் வழியும், தோல் அடியில் தசை புழு நெளிகிற மாதிரி துடிக்கும். அளவு ரொம்ப மீறினால் தசை மறுபடி தளரும். அதைப் பார்த்து 'நோய் முற்றிவிட்டது' என்று மூன்றாவதும் போட்டவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செல்போன் அலாரம் உதவாது. அலாரத்தை அணைத்த உடனே மாத்திரை போட்ட திருப்தி வந்துவிடுகிறது. நான் செய்வது இது: காலையில் இடது மணிக்கட்டில் 4 ரப்பர் பேண்டு, பார்சல் சாம்பார் கட்டி வருமே அதுதான். 8 மணி, 12 மணி, 4 மணி, ராத்திரி 8. தண்ணீர் குடித்து விழுங்கி, டம்ளரைக் கீழே வைத்த பிறகு ஒன்றை வலது கைக்கு மாற்றுவேன். விழுங்கும் முன்னால் மாற்றக் கூடாது, அந்த ஒழுங்கு குலைந்தால் எல்லாம் போச்சு. பேரன் ஒரு தடவை ஒன்றை உருவிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு முழுக்கக் கணக்குத் தகராறு. இப்போது மாத்திரை டப்பாவிலும் நான்கு அறை வைத்திருக்கிறேன், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதை உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள். எனக்கு எழுதிக் கொடுத்தது: 'சந்தேகம் என்றால் போடாதே, அடுத்த வேளைக்குக் காத்திரு.'

அப்புறம், சளிக்கும் காய்ச்சலுக்கும் மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வாங்கிப் போடாதீர்கள். அந்த வகை மாத்திரைகள் மயஸ்தீனியாவை மோசமாக்கிவிடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2011-லேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது.

மூலக்கொத்தளம்: இவ்வளவு பேசறீங்க, வல்லாரையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?

வரும் என்று தெரியும். கீரையாக வாங்கி, தண்ணீரில் நன்றாக அலசி (எங்கே விளைகிறது என்று யோசித்தால் இன்னொரு தடவை அலசுவீர்கள்), துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். ருசிக்காக. மறதி போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பெரம்பூர்: எங்க பாட்டி 88 வயசில் மகாபாரதம் முழுக்கச் சொல்வார். வாரம் ரெண்டு நாள் வல்லாரைதான்.

பாட்டிக்கு மயஸ்தீனியா இருந்ததா? பிரட்னிசலோன் போட்டாரா? ராத்திரி தூங்கினாரா? தினமும் யாருக்காவது மகாபாரதம் சொல்லிக்கொண்டே இருந்தாரே, அது கணக்கில் வராதா?

கொடுங்கையூர்: சித்த மருத்துவத்தைக் கேலி பண்றது இங்கிலீஷ் மருந்துக்காரங்களுக்கு வழக்கமாப் போச்சு.

தம்பி, கேலி இல்லை. என் அப்பா மூட்டுவலிக்குச் சித்த வைத்தியம்தான் பார்த்தார். என் சண்டை, பேர் இல்லாத பொட்டலத்தோடு. ஞாபக சக்திச் சூரணம் என்று வாங்கி வந்ததை ஒரு அம்மா என் கவுன்டரில் வைத்துக் காட்டினார். வெள்ளைக் காகிதம், சிவப்பு நூல், உள்ளே என்ன என்று ஒரு எழுத்து இல்லை. இரண்டு மாதத்தில் அவர் முகம் நிலா மாதிரி உப்பியிருந்தது. ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம், நிரூபிக்க வழியில்லை, விற்றவர் அடுத்த வாரம் அங்கே இல்லை. வல்லாரை மாத்திரையை வாரக்கணக்கில் எடுத்துக் கல்லீரல் கெட்டவர்கள் பற்றியும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. நோய் எதிர்ப்பைத் தணிக்க நம்மில் பலர் போடும் அசதயோபிரினுக்கும் கல்லீரலைக் கவனிக்க வேண்டும். சித்தாதான் வேண்டும் என்றால் அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது, படித்த மருத்துவரிடம் உங்கள் எல்லா மாத்திரைப் பேரையும் காட்டிக் கேளுங்கள்.

மூலக்கொத்தளம்: துவையலுக்குப் புளி வைக்கணுமா?

வைக்கணும். வல்லாரை இத்தோடு முடிந்தது. (முடியவில்லை. இதற்குப் பிறகு பதினேழு பேர் எழுதினார்கள், நான்கு பேர் பாட்டிகளோடு வந்தார்கள். எதற்கும் பதில் சொல்லப்போவதில்லை.)

எண்ணூர்: அப்பாவுக்கு 72. மயஸ்தீனியா இருக்கு. இப்போ அல்சைமர்னு சொல்லி டொனெபிசில் எழுதியிருக்காங்க. ரெண்டும் சேரலாமா?

நல்ல கேள்வி, வல்லாரைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு மாத்திரையும் ஒரே குடும்பம்: அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுப்பவை. பைரிடோஸ்டிக்மின் மூளைக்குள் பெரும்பாலும் போகாது, டொனெபிசில் போகும், அதற்காகவே அது. 1934-ல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற டாக்டர் முதன்முதலில் மயஸ்தீனியாவுக்குக் கொடுத்துப் பார்த்த பைசோஸ்டிக்மினும் இதே குடும்பம்தான், அதுவும் மூளைக்குள் போகும். இரண்டையும் சேர்த்தால் வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு குறைவது எல்லாம் கூடும். கூடவே கூடாது என்றில்லை, ஆனால் எழுதியவருக்கு மயஸ்தீனியா இருப்பது தெரியுமா? இரண்டு சீட்டையும் ஒரே டாக்டர் பார்க்க வேண்டும். இன்னொன்று, அப்பா சிறுநீர் அடக்க ஆக்சிபியூட்டினின் மாதிரி ஏதாவது போடுகிறாரா? அது அசிட்டைல்கோலினுக்கு எதிர்க்கட்சி, வயதானவர்களுக்கு அதுவே மறதியைக் கொண்டுவரும். தூக்கம் வரவைக்கும் பழைய சளி மாத்திரைகளும் அப்படித்தான்.

வியாசர்பாடி: தம்பிக்கு மயோடோனிக் டிஸ்ட்ரோபி. எந்நேரமும் தூக்கம், எதிலும் ஆர்வமில்லை. சோம்பேறின்னு அப்பா திட்டறார்.

திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அது வேறு தசை நோய், மரபணுவில் வருவது, அது மூளையையும் தொடும். தூக்கமும் ஆர்வமின்மையும் அந்த நோயின் பகுதி. வருஷம் ஒருமுறையாவது ஈசிஜி அவசியம், இதயத் துடிப்பின் மின்வழியை அது பாதிக்கும். மேற்கொண்டு நரம்பியல் டாக்டரைத்தான் கேட்க வேண்டும், என் எல்லை இவ்வளவே.

புளியந்தோப்பு, கல்லூரி மாணவி: படிச்சது எதுவும் நிக்கலை அக்கா.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கடினமான பாடம், கண் களைக்கும் முன் நிறுத்திவிடு. மீதியை யாராவது வாசிக்கக் கேள். பரீட்சையில் கூடுதல் நேரத்துக்குக் கல்லூரியில் எழுதிக் கொடு.

மணலி: எனக்கும் மறதி, என்ன பண்றது?

முதல் பதில்.

தண்டையார்பேட்டை: மறதிக்கு மயஸ்தீனியாதான் காரணமா?

முதல் பதில். மேலே இருக்கிறது. முதல் பதில்.

தண்டையார்பேட்டை: காய்ச்சலுக்கு சிப்ரோ...

வேண்டாம்!

காசிமேடு: அக்கா, எண்ணச் சொன்னேன். ரெண்டு தடவை. 13, அப்புறம் 11. குரல் மூக்கால வருது. காலையில் பார்க்கலாம்கிறார்.

காலை வரை வைக்காதே. 108-ஐக் கூப்பிடு. உனக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம். மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துக்கொள், பழைய சீட்டுகளையும். வாயில் எதுவும் கொடுக்காதே, விழுங்கத் தடுமாறுவார். உள்ளே போனதும் முதல் வாக்கியம் 'மயஸ்தீனியா, ஒரே மூச்சில் 11 வரைதான் எண்ண முடிகிறது' என்பதாக இருக்கட்டும். ஊசி போடும் முன் ஜென்டாமைசின், அமிக்காசின், மெக்னீசியம், சிப்ரோ என்று எதுவாக இருந்தாலும் மயஸ்தீனியாவைச் சொல்லிக் கேட்டுவிடு. வண்டியில் படுக்க வைக்காதே, உட்கார்ந்தே வரட்டும்.

மற்றவர்கள் கேள்வியெல்லாம் நாளைக்கு. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது.